தண்ணீர் கலந்த ஸ்பிரிட்

காலை ஆறு மணிப் பையைத் தூக்கிக்கொண்டு பாலிஷ்காரரின் தம்பி மனைவி கூடத்துக்கு வந்தபோது அவர் ஜன்னலோரம் உட்கார்ந்து மழையைத் திட்டிக்கொண்டிருந்தார். ஒன்பதாவது நாளாக மழை. மேசை நாற்காலிக்குப் பாலிஷ் போடுகிறவனுக்கு மழைக்காலத்தைப் போல எதிரி கிடையாது. காற்றில் ஈரம் இருந்தால் பூசிய பாலிஷ் காய்வதற்குள் வெள்ளை பூத்துவிடும். பிறகு உப்புத்தாளை எடுத்து எல்லாவற்றையும் தேய்த்து, முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். அதனால் பட்டறையைப் பூட்டிவிட்டு அவர் வீட்டில் கிடந்தார். வேலையில்லாமல் வீட்டில் கிடக்கிற ஆண்பிள்ளை எதிலெல்லாம் மூக்கை நுழைப்பானோ அதிலெல்லாம் நுழைத்துக்கொண்டிருந்தார்.

அவள் மேசையில் முந்தின நாள் செய்தித்தாளை விரித்து, அதன்மேல் பையைப் படுக்கவைத்தாள். தினம் நாலு வேளை நடக்கிற காரியம்தான். பையில் இருப்பது தம்பியின் வயிற்றிலிருந்து இறங்கிய இரண்டு லிட்டர் தண்ணீர். இரண்டு வருஷத்துக்கு முன்னால் தம்பிக்குச் சிறுநீரகம் இரண்டும் கைவிட்டுவிட்டன. தொப்புளுக்குக் கீழே ஒரு ட்யூப் வைத்தார்கள். அதன் வழியாக மருந்துத் தண்ணீரை வயிற்றுக்குள் விட வேண்டும். சில மணி நேரம் அது உள்ளே இருந்து, ரத்தத்திலுள்ள கழிவை வாங்கிக்கொள்ளும். பிறகு அதை வெளியே இறக்கிவிட்டுப் புதிய பையை மாட்ட வேண்டும். இறங்கிய தண்ணீர் வெளிர் மஞ்சளாக, அடியில் இருக்கிற பேப்பர் எழுத்தைப் படிக்கிற அளவுக்குத் தெளிவாக இருக்க வேண்டும். எழுத்துத் தெரியவில்லை என்றால் வயிற்றுக்குள் கிருமி புகுந்துவிட்டது என்று அர்த்தம்.

“மாமா, இதைக் கொஞ்சம் பாருங்க. எனக்குத்தான் கண்ணு தெரியலையா?”

அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்தார். பொடி எழுத்தை விடுங்கள், கொட்டை எழுத்தில் போட்டிருந்த தலைப்பே தெரியவில்லை. அரிசி களைந்த தண்ணீர் மாதிரி இருந்தது.

உள் அறையிலிருந்து தம்பியின் குரல் வந்தது. “என்ன போட்டிருக்கான் பேப்பர்ல? மழை விடுமாமா?”

அவள் பையைத் தூக்கிக்கொண்டு பேப்பரை மடித்தாள். தம்பியும் மறுபடி கேட்கவில்லை. ராத்திரியே அவனுக்கு வயிற்றை இழுத்துப் பிடித்திருக்கிறது. சொன்னால் இவள் தூங்கமாட்டாள் என்று சொல்லாமல் இருந்திருக்கிறான்.

பத்து மணிக்கெல்லாம் ஆஸ்பத்திரியில் இருந்தார்கள். கலங்கிய தண்ணீரில் கொஞ்சம் எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். மீதிப் பைகளில் போடுவதற்கு இரண்டு விதமான மருந்தைக் கொடுத்து, எப்படிப் போட வேண்டும் என்று அவளுக்குக் காட்டினார்கள். டாக்டர் அதிகம் பேசாத மனிதர்.

“அஞ்சு நாள் பார்ப்போம். அதுக்குள்ள தெளிஞ்சா நல்லது. தெளியலைன்னா ட்யூபை எடுத்துடணும்.”

“எடுத்துட்டா?” என்றார் பாலிஷ்காரர்.

“கழுத்துல தற்காலிகமா ஒரு குழாய் போட்டுக் கொஞ்ச நாள் ரத்தத்தை மெஷின்ல சுத்தம் பண்ணி ஓட்டலாம். மெஷினுக்குன்னு கையில ரத்தக்குழாய்ல ரெண்டு தடவை வழி போட்டும் அடைச்சுப் போச்சு, உங்களுக்கே தெரியும். அப்புறம் வயிறு இன்னொரு ட்யூபை ஏத்துக்கணும். ஏத்துக்குமான்னு இப்ப என்னால சொல்ல முடியாது.”

ஏற்றுக்கொள்ளாவிட்டால் தம்பிக்கு வேறு வழி கிடையாது. அதை டாக்டர் வாயால் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

வீடு திரும்பும்போது அக்கா வாசலில் நின்றிருந்தாள். உடன்பிறந்த மூன்று பேரில் மூத்தவள். ஒரு தங்கும் விடுதியில் சமையல்கட்டை மேற்பார்வை பார்க்கிறாள். நாற்பது பேருக்குச் சமையல் நடக்கிற இடத்தில் ஒரு ஈ உட்கார விடமாட்டாள் என்று பெயர். அந்தப் பெயரை அவளே நாலு பேரிடம் சொல்லுவாள்.

“எப்படி வந்துது?” என்றாள், செருப்பைக்கூடக் கழற்றாமல்.

“தெரியல அண்ணி. டெஸ்ட்டுக்குக் குடுத்திருக்கு” என்றாள் தம்பி மனைவி.

“டெஸ்ட்டு சொல்லித்தான் தெரியணுமா? ரெண்டு வருஷமா வராதது இப்ப ஏன் வருது? ஏதோ ஒரு இடத்துல சுத்தம் கொறஞ்சிருக்கு.”

தம்பி மனைவி மாத்திரைப் பையை எடுத்து வைத்தாள். அப்போது பாலிஷ்காரர் சொன்னார். சும்மா இருந்திருக்கலாம்; அக்காவே இரண்டு பேருக்கும் சேர்த்துப் பேசுகிறவள். ஆனால் காலையிலிருந்து இருந்த பயம் கோபமாக வாய்க்கு வந்துவிட்டது.

“கை கழுவ நேரமில்லாம அப்படி என்ன தையல் வேண்டியிருக்கு?”

பட்டறையில் தம்பி நாற்காலியைச் செய்வான், அண்ணன் பாலிஷ் போடுவார், அவள் மெத்தை உறை தைப்பாள். தம்பி படுத்ததிலிருந்து அவள் தையலில்தான் பாதி வீடு நடக்கிறது. அது அவருக்கும் தெரியும். அவள் அவரை ஒருதரம் நிமிர்ந்து பார்த்தாள். பிறகு பன்னிரண்டு மணிப் பை மாற்ற நேரமாகிறது என்று சொல்லிவிட்டு, கை கழுவப் போனாள்.

*

நடந்தது என்னவென்றால் இதுதான்.

இரண்டு மாதத்துக்கு முன்னால், வெயில் நன்றாக அடித்துக்கொண்டிருந்த ஒரு மத்தியானம், பாலிஷ்காரர் தம்பி அறைக்குள் போனார். தம்பி தூங்கிக்கொண்டிருந்தான். பை மாற்றுவதற்கு முன் கையில் தேய்த்துக்கொள்ள ஆஸ்பத்திரியில் கொடுத்த ஸ்பிரிட் பாட்டில் ஜன்னல் விளிம்பில் இருந்தது. எடுத்து ஒட்டியிருந்த சீட்டைப் படித்தார். எழுபது சதவீதம் என்று போட்டிருந்தது. மீதி முப்பது என்ன என்று பாட்டிலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். தண்ணீர் என்று கூச்சமே இல்லாமல் போட்டிருந்தான்.

முப்பத்திரண்டு வருஷமாக அரக்கை ஸ்பிரிட்டில் கரைத்துப் பாலிஷ் போடுகிறவர் அவர். ஸ்பிரிட்டில் தண்ணீர் கலந்திருந்தால் பாலிஷ் கெட்டது. பாலிஷ் கெட்டால் பெயர் கெட்டது. கடைக்காரன் டின்னைக் கொண்டுவந்தால் அவன் எதிரிலேயே ஒரு கரண்டி எடுத்துப் பற்றவைப்பார். எரிந்து முடிந்த பிறகு கரண்டி காய்ந்திருந்தால் டின் உள்ளே போகும். ஒரு பொட்டு ஈரம் இருந்தாலும் வண்டியில் ஏறித் திரும்பிப் போகும். அந்த விஷயத்தில் அவர் ஈவு இரக்கம் பார்த்ததில்லை.

ஆஸ்பத்திரி ஸ்பிரிட்டையும் கரண்டியில் ஊற்றிக் கொல்லைப்பக்கம் கொண்டுபோய்ப் பற்றவைத்தார். நீலமாக எரிந்து சீக்கிரமே அணைந்தது. கரண்டியில் தண்ணீர் தேங்கி நின்றது. தொட்டுப் பார்த்தார், பிசுபிசு என்று ஏதோ எண்ணெய் வேறு.

“பாத்தியாம்மா? நோயாளி விஷயத்துலகூட இவனுங்களுக்குக் கலப்படம்” என்றார், அப்போது துணி உலர்த்திக்கொண்டிருந்த தம்பி மனைவியிடம்.

“ஆஸ்பத்திரியில குடுத்தது மாமா. அதுவே இருக்கட்டுமே.”

“உனக்கு ஸ்பிரிட்டப் பத்தி என்ன தெரியும்?”

அவள் அடுத்த துணியை உதறிக் கொடியில் போட்டாள். அவர் பாட்டிலைக் கவிழ்த்துத் தரையில் கொட்டினார். பட்டறைக்குப் போய், தன்னிடம் இருந்ததிலேயே உயர்ந்த டின்னைத் திறந்து, புனல் வைத்து நிரப்பிக் கொண்டுவந்தார். தீரத் தீர நிரப்பினார். தம்பிக்கு என்று எடுக்கும்போது ஒரு சொட்டுக்கூடச் சிந்தாமல் எடுப்பார். அதில் அவருக்கு ஒரு நிம்மதி இருந்தது. மரத்தைத் தவிர வேறெதுவும் தெரியாத தன்னாலும் தம்பி உயிருக்கு ஒரு காவல் போட முடிகிறதே என்று இருந்தது.

*

மூன்றாம் நாள் பரிசோதனை முடிவு வந்தது. அன்றைக்கே மதியம் ஆஸ்பத்திரி நர்ஸ், குடையை மடக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டாள். இரண்டு வருஷத்துக்கு முன் தம்பி மனைவிக்கு ஆறு நாள் பாடம் எடுத்து, பரீட்சை வைத்து, தேறிவிட்டாள் என்று கையெழுத்துப் போட்டவள் இவள்தான்.

“வந்திருக்கிறது தோல்ல வாழற கிருமி. நம்ம எல்லார் தோல்லயும் இருக்கும், அங்க இருந்தா ஒண்ணும் பண்ணாது. வயித்துக்குள்ள போகக் கூடாது. அது கை வழியாத்தான் போயிருக்கணும்” என்றாள். “நீங்க தினமும் எப்படிச் செய்யறீங்களோ அப்படியே செய்யுங்க. நான் பாத்துக்கிட்டு நிக்கறேன்.”

அக்கா சுவரோரம் கை கட்டி நின்றாள். பாலிஷ்காரர் நிலைப்படியில் நின்றார். தம்பி கட்டிலில் சாய்ந்து, முகமூடியை மாட்டிக்கொண்டு, “எனக்கும் சேத்துப் பரீட்சை போலிருக்கு” என்றான். வயிற்று வலியில் அவன் முகம் வெளுத்திருந்தது. பேச்சு மட்டும் குறையவில்லை.

தம்பி மனைவி மின்விசிறியை நிறுத்தினாள். ஜன்னலைச் சாத்தினாள். மேசையைத் துடைத்தாள். புதுப் பையின் தேதியைப் பார்த்தாள், அழுத்திக் கசிவு பார்த்தாள். குழாயடிக்குப் போய்ச் சோப்புப் போட்டு, விரல் இடுக்கு, கட்டைவிரல், நகக்கண் என்று நாற்பது எண்ணும் வரை தேய்த்துக் கழுவினாள். புதுத்துண்டில் ஒற்றினாள். பாட்டிலை அழுத்தி ஸ்பிரிட்டை உள்ளங்கையில் வாங்கித் தேய்த்தாள். உள்ளங்கை முடிந்து புறங்கைக்கு வருவதற்குள் கை காய்ந்துவிட்டது.

“நில்லுங்க. இன்னொரு தடவை தேயுங்க.”

மறுபடி தேய்த்தாள். மறுபடி காய்ந்தது. நர்ஸ் பாட்டிலை வாங்கி மூடியைத் திறந்து முகர்ந்தாள். பிறகு தம்பி மனைவியின் கையைப் பிடித்து வெளிச்சத்தில் திருப்பினாள். விரல் நுனியெல்லாம் வெடித்து, சுண்டுவிரல் ஓரத்தில் ரத்தம் கோடாகக் காய்ந்திருந்தது. கூடவே இருக்கிறவர்கள் இத்தனை நாள் அதைப் பார்க்கவில்லை.

“இது நாங்க குடுத்தது இல்லையே.”

மறுபடி ஒருதரம் முகர்ந்தாள்.

“பட்டறையில மரத்துக்கு அடிக்கிற ஸ்பிரிட்டுதானே இது? தீந்து போச்சுன்னு எடுத்துக்கிட்டீங்களா? ஒரு போன் போட்டா குடுத்து அனுப்பியிருப்பேனேம்மா. எத்தனை தடவை சொல்லிக் குடுத்தேன், நாங்க குடுக்கறதைத் தவிர எதையும் தொடாதீங்கன்னு.”

தம்பி மனைவி நிலைப்படியைப் பார்த்தாள். பாலிஷ்காரர் கதவின் தாழ்ப்பாளைப் பார்த்தார். பித்தளைத் தாழ்ப்பாள், திருகாணி ஒன்று தளர்ந்திருந்தது. அந்தத் திருகாணியைப் பற்றி அந்த நிமிஷத்தில் அவர் தீவிரமாக யோசித்தார்.

தம்பிதான் பேச்சை எடுத்தான். “மேடம், எனக்கு ஒரு சந்தேகம். அது கலப்பே இல்லாத சரக்கு. எங்க அண்ணன் பாத்து எடுக்கறது. அது இன்னும் நல்லாத்தானே கொல்லணும்?”

நர்ஸ் கோபத்தில் இருந்தாலும் கேட்டதற்குப் பதில் சொல்கிறவள். கட்டில் விளிம்பில் உட்கார்ந்தாள்.

“எல்லாரும் அப்படித்தான் நெனக்கறாங்க. ஒவ்வொண்ணும் ஒவ்வொரு விதமா வேலை செய்யுது. சோப்பு பெருசாக் கொல்றதில்ல. அழுக்கையும் கிருமியையும் தோல்லேர்ந்து பேத்துத் தண்ணியோட அனுப்பிடும். சில கிருமிக்கு மேல கொழுப்புல ஒரு போர்வை இருக்கும், அதைக் கிழிச்சுடும். பிளீச்சிங் பவுடர் இருக்கே, அது எரிச்சே தள்ளிடும். ஆனா தரையில அழுக்கு இருந்தா அழுக்கோட மல்லுக்கட்டியே அதோட பலமெல்லாம் போயிடும், கிருமிகிட்ட போய்ச் சேராது. அதான் மொதல்ல பெருக்கித் துடைச்சிட்டுப் போடுங்கன்னு சொல்றது. உங்க ட்யூப் மூடிக்குள்ள பஞ்சு இருக்குல்ல, அதுல அயோடின். அது கிருமிக்குள்ள பூந்து அங்கங்க கெடுக்கும்.”

“ஸ்பிரிட்டு?”

“முட்டையை வேகவெச்சா வெள்ளைக்கரு கட்டியாகுதில்ல? ஸ்பிரிட்டு கிருமிக்கு உள்ள இருக்கிற சத்தை அந்த மாதிரி கட்டியாக்கிடும். ஆனா அது உள்ள போகணும். உள்ள போறதுக்குத் தண்ணி வேணும். தண்ணி இருந்தாத்தான் மெதுவா ஊறும், கையிலயும் முப்பது எண்ணற வரைக்கும் ஈரம் நிக்கும். சுத்த ஸ்பிரிட்டு மேல பட்டதும் வெளியில மட்டும் கெட்டியாக்கிட்டுக் காத்துல பறந்துடும். கிருமி உள்ள பத்திரமா இருக்கும். எங்க பாட்டில்ல கிளிசரினும் போட்டிருப்பாங்க, கை வறளாம இருக்க. இது கையைப் பாளம் பாளமா வெடிக்க வெச்சிருக்கு. வெடிப்புக்குள்ள கிருமி குடியிருந்தா எந்தச் சோப்பு எடுக்கும்? அதுவும் இல்லாம, மரத்துக்கு அடிக்கிறதுல விஷம் கலந்திருப்பாங்க, யாரும் குடிச்சுடக் கூடாதுன்னு. அதைத் தோல்ல தேய்க்கலாமா?”

அக்கா பெருமூச்சு விட்டாள். அதில் ‘நான் அப்போதே சொன்னேனே’ என்பது முழுசாக இருந்தது.

“இப்ப பையில போடற மருந்து?” என்றான் தம்பி. தெரிந்துகொள்கிற ஆசை அவனுக்குச் சின்ன வயதிலிருந்தே உண்டு.

“அது ரெண்டு. ஒண்ணு கிருமியைச் சுவர் கட்ட விடாது. அது வளரும்போது சுவர் இல்லாம வெடிச்சுப் போயிடும். இன்னொண்ணு கிருமிக்குள்ள போய், அது தனக்கு வேணுங்கற பொருளைச் செய்யற எடத்துல தப்புத் தப்பா செய்ய வெச்சுடும்.”

“தப்பான அளவு குடுத்துடும்னு சொல்லுங்க. கால் நாலும் நாலு உயரத்துல வெட்டினா நாற்காலி எங்க நிக்கும்?” தம்பி சிரிக்கப்போய் வயிற்றைப் பிடித்துக்கொண்டான்.

நர்ஸ் எழுந்து புது பாட்டிலை மேசையில் வைத்தாள். “இதனாலதான் வந்துச்சுன்னு சத்தியம் பண்ணிச் சொல்ல முடியாது. கிருமி விஷயத்துல யாராலயும் முடியாது. ஆனா நான் இதைத்தான் எழுதணும்.” தம்பி மனைவியிடம் திரும்பினாள். “உங்கமேல ரொம்ப நம்பிக்கை வெச்சிருந்தேம்மா.”

அவள் தலையை ஆட்டினாள். அவ்வளவுதான். குடையை விரித்துக்கொண்டு நர்ஸ் போய்விட்டாள்.

சத்தியம் பண்ணிச் சொல்ல முடியாது என்ற வார்த்தையைப் பாலிஷ்காரர் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். சாயங்காலம் வரை பிடித்துக்கொண்டே இருந்தார். சாயங்காலம் அவள் டீயைக் கொண்டுவந்து அவர் பக்கத்தில் வைத்தாள்.

“நர்ஸ் கேட்டப்ப நீங்க தாழ்ப்பாளைப் பாத்துக்கிட்டு நின்னீங்க மாமா” என்றாள். குரல் உயரவில்லை. பதிலுக்கும் நிற்கவில்லை.

*

நாலாம் நாள் அக்கா ஒரு பை துணியோடு வந்து இறங்கினாள். விடுதியில் லீவு சொல்லிவிட்டாளாம்.

“இனிமே பை மாத்தறதை நான் பாத்துக்கறேன். நர்ஸ்கிட்ட கத்துக்கறேன். அவ கொஞ்ச நாள் அவங்க அம்மா வீட்ல இருந்துட்டு வரட்டும்” என்றாள், தம்பி காதில் விழாதபடி சமையலறையில் நின்று.

தம்பி மனைவி முட்டை உரித்துக்கொண்டிருந்தாள். வயிற்றுத் தண்ணீரோடு உடம்புச் சத்தும் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கிப் போகும் என்பதால் தம்பிக்குத் தினம் ஆறு முட்டை வெள்ளைக்கரு. மஞ்சள் கருவைத் தின்று தின்று வீட்டில் மற்றவர்களுக்கு முட்டை என்றாலே குமட்டும்.

“நான் எங்கயும் போகல அண்ணி.”

“போகச் சொல்லி விரட்டலைம்மா. ஓய்வு எடுத்துக்கச் சொல்றேன்.”

“ஓய்வு வேணும்னு நான் கேக்கலையே.”

“கேக்க மாட்டே. அவன் உயிருன்னு ஒண்ணு இருக்குல்ல, அதை நாங்க கேக்கணுமில்ல?” அக்கா திரும்பினாள். “நீயே சொல்லுடா. நீதானே வீட்டுக்குப் பெரியவன்.”

வீட்டுக்குப் பெரியவன் என்ற பட்டத்தை முப்பது வருஷமாகச் சுமந்துகொண்டு திரிந்தவர் பாலிஷ்காரர். அதை யாராவது இறக்கி வைத்தால் தேவலை என்று முதல் தடவையாக இருந்தது. “பட்டறையில கொஞ்சம் வேலை இருக்கு” என்று சொல்லிவிட்டுக் குடைகூட எடுக்காமல் வெளியே இறங்கினார்.

பட்டறையில் ஒரு வேலையும் இல்லை. பூசாத நாற்காலிகள் ஆறு சுவரோரம் நின்றன. அவர் விளக்கைப் போட்டு, வரும் வழியில் மருந்துக்கடையில் வாங்கிய ஸ்பிரிட் பாட்டிலை மேசையில் வைத்தார். ஆஸ்பத்திரியில் கொடுக்கிற அதே ரகம். பக்கத்தில் தன் டின்னை வைத்தார். எதையும் தன் கையால் சோதித்துப் பார்க்காமல் ஒப்புக்கொள்கிற ஆள் இல்லை அவர்.

டின்னிலிருந்து உள்ளங்கையில் ஊற்றித் தேய்த்தபடி எண்ணினார். பன்னிரண்டு எண்ணுவதற்குள் கை உலர்ந்துவிட்டது. துடைத்துவிட்டு மருந்துக்கடை ஸ்பிரிட்டை அதே அளவு ஊற்றித் தேய்த்தார். பன்னிரண்டில் ஈரம் இருந்தது. இருபதில் இருந்தது. முப்பதைத் தாண்டித்தான் காய்ந்தது. காய்ந்த பிறகும் கை வழவழப்பாக இருந்தது. மாற்றி மாற்றி மூன்று தடவை செய்தார். மூன்று தடவையும் கணக்கு மாறவில்லை.

ஆறு நாற்காலியில் ஒன்றை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். ‘கை கழுவ நேரமில்லாம’ என்று தான் சொன்னது ஞாபகம் வந்தது. நாற்பது எண்ணும்வரை கழுவிய கை அது. கழுவிய பிறகு அவர் கொடுத்த எரிச்சலை வெடிப்பில் வாங்கிக்கொண்டு, தினம் நாலு தடவை, இரண்டு மாதம். அவருக்குத் தன்மேல் வந்த அருவருப்பில் வாய் கசந்தது. மனைவி போய்ச் சேர்ந்து பதினோரு வருஷமாகிறது. அன்றைக்குப் பிறகு அவர் அழுதது அந்தப் பட்டறையில்தான்.

அழுதுவிட்டு நேராக வீட்டுக்குப் போய் உண்மையைச் சொன்னார் என்று எழுத ஆசைதான். சொல்லவில்லை. நாளைக்குத் தண்ணீர் தெளிந்துவிட்டால் யாருக்கும் எதுவும் சொல்லாமலே போய்விடலாம் என்று ஒரு நப்பாசை. தெளிந்துவிட வேண்டும் என்று அவர் வேண்டிக்கொண்டது தம்பிக்காகப் பாதி, தனக்காகப் பாதி. மனுஷனை என்ன சொல்ல?

*

ஐந்தாம் நாள் காலைப் பையில் எழுத்துத் தெரியவில்லை.

ஆஸ்பத்திரியில் டாக்டர் பையைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்துவிட்டு வைத்தார். “எடுத்துடலாம். இன்னிக்கே.”

“ஏன் சார், அவ்வளவு மருந்து போட்டும்?” என்றாள் அக்கா.

“மருந்து தண்ணியில மிதக்கிற கிருமியைக் கொல்லுது. ஆனா ட்யூப் உள்பக்கத்துல அது ஒட்டிக்கிட்டு, மேல பசை மாதிரி ஒரு படலம் போட்டுக்குது. படலத்து மேல படலம். மருந்து அதுக்குமேல வழுக்கிக்கிட்டுப் போயிடுது. அந்த ட்யூப் உள்ள இருக்கிற வரைக்கும் தெளியாது.”

படலத்துக்கு மேல் படலம் என்பதைப் பாலிஷ்காரருக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. அவர் தொழிலே அதுதான். ஒன்று காய்ந்ததும் அடுத்தது, அது காய்ந்ததும் அடுத்தது. பத்துப் படலம் ஏறிவிட்டால் மேலே தண்ணீரை ஊற்றினாலும் மரத்துக்குத் தெரியாது.

ஆபரேஷனுக்கு முன் ஒரு தாளைக் கொண்டுவந்தார்கள். பின்னால் புது ட்யூப் வைக்க முடிந்தால் வீட்டில் பை மாற்றப்போகிறவர் யார், அவருக்கு மறுபடி பயிற்சி கொடுக்க வேண்டும், பெயர் எழுதுங்கள் என்றாள் நர்ஸ். தம்பி பச்சை உடுப்பில், சக்கரக் கட்டிலில் படுத்திருந்தான்.

“என் பேரை எழுதறேன்” என்று அக்கா தாளை வாங்கினாள்.

தம்பி மனைவி தம்பியின் போர்வையை இழுத்துவிட்டாள். அவள் விரல்களில் இப்போது ஏதோ களிம்பு தடவியிருந்தது.

“அக்கா, தாளை வை” என்றார் பாலிஷ்காரர். “ஸ்பிரிட்டை மாத்தினது அவ இல்ல. நான்.”

“என்னடா சொல்ற?”

“ஆஸ்பத்திரி பாட்டிலைக் கரண்டியில கொளுத்திப் பாத்தேன். தண்ணி நின்னுது. கலப்படம்னு கீழ கொட்டிட்டு என் டின்லேர்ந்து ஊத்தினேன். ரெண்டு மாசமா நான்தான் ஊத்தறேன்.” நர்ஸைப் பார்த்தார். “அன்னிக்கு நீங்க கேட்டப்ப நான் அங்கதான் நின்னேன், மேடம். வாயைத் தொறக்கல. அவங்களைத் திட்டினீங்க. கேட்டுக்கிட்டுச் சும்மா நின்னேன்.”

நர்ஸ் கையிலிருந்த பேனாவை மூடினாள். அக்கா இவரையும் தம்பி மனைவியையும் மாறி மாறிப் பார்த்தாள். அவளுக்குக் கோபப்படப் பழகிய ஆள் ஒருத்தி. திடீரென்று ஆளை மாற்றச் சொன்னால் என்ன செய்வாள்? கடைசியில் அவளிடமே கேட்டாள். “நீ ஏம்மா சொல்லல?”

“ஊத்தும்போதே சொன்னேன் அண்ணி, ஆஸ்பத்திரியில குடுத்ததே இருக்கட்டும்னு. உனக்கு ஸ்பிரிட்டப் பத்தி என்ன தெரியும்னாரு. எனக்கு ஒண்ணும் தெரியாதுதான். அப்புறம் நர்ஸ் வந்து சொன்னதுக்கு அப்புறம் நான் சொல்லியிருந்தா, மாமாமேல பழி போடறான்னு நீங்க சொல்லியிருப்பீங்க.”

அக்கா மறுக்கவில்லை. உண்மை அதுதான்.

தம்பி கையை நீட்டி அண்ணன் சட்டை நுனியைப் பிடித்தான். “அண்ணே, நீ எனக்குக் கெட்டதா நெனப்பே? விடு.”

திட்டியிருந்தால் தாங்கியிருப்பார். பாலிஷ்காரர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

“நல்லதுதான் நெனச்சீங்க. அது எனக்கும் தெரியும் மாமா” என்றாள் தம்பி மனைவி. “அதுல எனக்குக் கோவம் இல்ல. கை கழுவ நேரமில்லாம அப்படி என்ன தையல்னு கேட்டீங்க பாருங்க, அதைத்தான் என்னால முழுங்க முடியல. நான் தூக்கத்துலகூடக் கை கழுவறவ.”

“தப்பும்மா” என்றார் அவர். “பெரிய தப்பு.”

அவள் அதை ஏற்றுக்கொண்டாளா இல்லையா என்று முகத்தில் தெரியவில்லை. அக்கா கையிலிருந்த தாளை இழுத்து, நர்ஸிடம் பேனாவை வாங்கி, தன் பெயரை எழுதினாள்.

“எழுதிட்டேன். ஆனா ஒண்ணு. அவருக்கு நல்லபடியா ஆகி வீட்டுக்கு வந்தா, அந்த ரூமுக்குள்ள என்ன வரணும், என்ன வரக் கூடாதுன்னு நான்தான் சொல்லுவேன். அண்ணி, உங்களுக்கும்தான். மாமா, உங்களுக்கும்தான்.”

கட்டிலைத் தள்ளிக்கொண்டு போனார்கள். அவள் கூடவே கதவு வரை நடந்தாள்.

*

வயிறு இன்னொரு ட்யூபை ஏற்றுக்கொள்ள ஏழு வாரம் ஆனது. அந்த ஏழு வாரம் கழுத்துக் குழாயோடு தம்பி பட்ட பாட்டை இங்கே எழுதுவதாக இல்லை. பதினாறு கிலோ இறங்கி, கன்னம் ஒட்டி வீட்டுக்கு வந்தான். உள்ளே தழும்பு விழுந்துவிட்டதால் முன்போல இரண்டு லிட்டர் தாங்காது, ஒன்றரைதான் என்றார் டாக்டர். அதனால் நாலு வேளைக்குப் பதில் இனி ஐந்து வேளை. அவன் ஆயுசுக்கும் அவளுக்கு ஒரு வேளை அதிகம். அந்த ஒரு வேளை யார் கணக்கு என்பது பாலிஷ்காரருக்குத் தெரியும். அதைத் தீர்க்க வழி கிடையாது.

வெயில் வந்து பட்டறை திறந்திருந்தது. வீட்டில் முதல் பை மாற்றுகிற அன்று மதியம் அவர் வேலையைப் பாதியில் போட்டுவிட்டு வந்தார். அறைக்கதவு சாத்தியிருந்தது. உள்ளே மின்விசிறி நின்றுபோகிற சத்தம் கேட்டது. அந்த வீட்டில் அவர் எந்தக் கதவையும் கேட்டுத் திறந்தவர் இல்லை. எல்லாக் கதவும் அவர் பாலிஷ் போட்டதுதானே என்பார். கையைக் கைப்பிடிக்குக் கொண்டுபோய் எடுத்துக்கொண்டார்.

“நான் உள்ள வரலாமாம்மா?”

முகமூடிக்குள்ளிருந்து அவள் குரல் அமுங்கி வந்தது. “கை கழுவினீங்களா மாமா?”

“கழுவினேன். நாப்பது எண்ணினேன்.”

“நகத்துல அரக்கு இருக்குமே.”

அவர் தன் நகங்களைப் பார்த்தார். முப்பத்திரண்டு வருஷத்து அரக்கு நகக்கண்ணில் கறுத்துக் கிடந்தது. எந்தச் சோப்புக்கும் போகாதது.

“இருக்கும்மா” என்றார்.

“அப்ப வேண்டாம் மாமா. கோவத்துல சொல்லல.”

“தெரியும்மா” என்று சொல்லிவிட்டு, அவர் கதவுக்கு வெளியிலேயே நின்றார்.